உடம்பைச் சுத்தம் செய்தால் போதுமா? போதைச் சிகிச்சை ஆய்வுகள் சொல்லும் சங்கதி

2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்வீடனிலிருந்து ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. ஹெராயின் பழக்கத்தில் சிக்கிய 40 பேர். குலுக்கல் முறையில் அவர்களை இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு பூப்ரினார்ஃபின் என்ற மருந்து ஓராண்டு முழுக்கத் தினமும் தரப்பட்டது. மறு பாதிக்கு அதே மருந்தை ஆறே நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள்; அப்புறம் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. கவுன்சலிங், குழு அமர்வு, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆண்டு முடிவில் மருந்து எடுத்தவர்களில் 15 பேர் சிகிச்சையில் நீடித்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவர்களில் நான்கு பேர் உயிரோடும் இல்லை.

இந்த நான்கு பேருக்கும் நல்ல கவுன்சலிங் கிடைத்தது. உடம்பிலிருந்து போதைப்பொருள் முறையாக வெளியேற்றப்பட்டது. பொதுவாக 'சிகிச்சை' என்று நாம் மனதில் வைத்திருப்பதெல்லாம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. கொஞ்ச நாள் அடைத்து வை, உடம்பு சுத்தமாகட்டும், புத்தி சொல், மிச்சம் அவன் மனவுறுதி: குடும்பங்கள் நம்புவது இதைத்தான், பல மறுவாழ்வு மையங்களும் இதைத்தான் விற்கின்றன. கடந்த அறுபது ஆண்டு மருத்துவ ஆய்வுகள் இந்த நம்பிக்கையைத்தான் திரும்பத் திரும்ப அடித்து நொறுக்கியிருக்கின்றன.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நச்சுநீக்கம் எனப்படும் அந்த முதல் கட்டம் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. நாள்பட்ட குடியையோ சில தூக்க மாத்திரைகளையோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் அது வாசற்படி. அங்கேயே நின்றுவிட்டால், ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளை (அபின் குடும்பத்துப் பொருட்களை)ப் பொறுத்தவரை, தொடங்கிய இடத்தைவிட ஆபத்தான இடத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியதாக ஆகும்.

காரணம் சிக்கலானதல்ல. ஓபியாய்டுகளைத் தொடர்ந்து எடுக்கும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. முதல் நாளில் ஆளைக் கொன்றிருக்கக்கூடிய அளவு, ஓராண்டு கழித்து நடுக்கத்தை நிறுத்த மட்டுமே போதுமானதாகிறது. சில வாரம் நிறுத்தினால் இந்தத் தாங்கும் சக்தி மளமளவென்று இறங்கிவிடும். ஆசை மட்டும் அதே வேகத்தில் இறங்காது. ஆள் வெளியே வருகிறார், ஒரு மோசமான மாலையில் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறார், மூச்சு நின்றுவிடுகிறது. அதே 2003-இல் லண்டன் ஆய்வாளர்கள் நச்சுநீக்கத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்த 137 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் மூன்று பேர். மூவருமே சிகிச்சையை ஒழுங்காக முடித்து, தாங்கும் சக்தியை இழந்திருந்த 37 பேர் கொண்ட பிரிவைச் சேர்ந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்களில் அப்படி யாரும் சாகவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் 2007-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோதும் இதே படம்தான் தெரிந்தது: விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் போதை மிகையால் சாகும் அபாயம், மற்ற மக்களோடு ஒப்பிட்டால் 129 மடங்கு.

அப்படியானால் வேறு என்ன வழி? பதில் 1965-லேயே வந்துவிட்டது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல் என்ற வளர்சிதைமாற்ற ஆய்வாளரும், மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து 22 ஹெராயின் நோயாளிகளுக்கு மெத்தடோன் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் அவர்கள் மார்ஃபினைத்தான் முயன்றார்கள். நோயாளிகள் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே எதுவும் செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்தபடியே கிடந்தார்கள். மெத்தடோனுக்கு மாற்றியதும் ஒருவர் ஓவியம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்று நச்சரித்தார். மெத்தடோனும் ஓபியாய்டுதான். ஆனால் அது மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும். கிறக்கம், நடுக்கம், அடுத்த பொட்டலத்துக்கான ஓட்டம் என்ற சுழற்சி அங்கே அறுந்துபோகிறது.

பூப்ரினார்ஃபின் அடுத்த தலைமுறை. மூளையில் ஓபியாய்டு போய் ஒட்டும் ஏற்பிகளில் இது இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவற்றைப் பாதியளவே தூண்டும். எவ்வளவு கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது என்பதால் மெத்தடோனைவிடப் பாதுகாப்பானது. அமெரிக்காவில் 2002-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

"ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதானே?" இந்தக் கேள்வி அறுபது ஆண்டாக ஓயவில்லை. சரி, எண்களிடமே கேட்போம். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட கணக்குப்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 11 பேர் அளவில் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டு விலகியவர்களில் 36 பேர். குறையே இல்லாத மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. மெத்தடோன் தொடங்கும் முதல் சில வாரங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியவை. இதயத் துடிப்பின் ஒழுங்கையும் அது பாதிக்கக்கூடும். ஆனால் சாவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் சிகிச்சை வேறொரு நோய்க்குக் கிடைத்திருந்தால், அதை மருந்து என்று சொல்லலாமா கூடாதா என்று யாரும் சபை கூட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, எத்தனை நாள் கொடுப்பது? குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி அதுதான். 2011-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. வலி மாத்திரைகளுக்கு அடிமையான 653 பேர் அதில் கலந்துகொண்டார்கள். முதலில் சில வாரம் பூப்ரினார்ஃபின் கொடுத்துக் குறைத்து நிறுத்தினார்கள், 6.6 சதவீதம் பேர் மட்டுமே தேறினார்கள். தேறாதவர்களுக்கு 12 வாரம் தொடர்ந்து கொடுத்தார்கள்; அந்த 12-ஆவது வாரத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், 49 சதவீதம், நல்ல நிலையில் இருந்தார்கள். மருந்தைக் குறைத்து நிறுத்திய எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் 8.6 சதவீதம். வழக்கமான மருத்துவர் சந்திப்போடு தனிக் கவுன்சலிங்கையும் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் இதில் வித்தியாசமே இல்லை. கவுன்சலிங்கே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்தின் இடத்தை அதனால் நிரப்ப முடியவில்லை என்பதே அர்த்தம்.

இந்தத் துறையின் ஆய்வுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று நல்ல பாடம். நால்ட்ரெக்ஸோன் என்பது வேறு வகை மருந்து. இது ஏற்பியைத் தூண்டாது, அடைத்துவிடும். மேலே ஹெராயின் போட்டாலும் ஏறாது. மாதம் ஒரு ஊசி போதும், போதையும் இல்லை, அதனால் நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. 2018-இல் 570 பேரை வைத்து இதையும் பூப்ரினார்ஃபினையும் மோதவிட்டார்கள். இரண்டும் சமம் என்றுதான் பல செய்திகள் எழுதின. மருந்தை உண்மையில் ஆரம்பித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சரி: 24 வாரத்தில் பழைய வழிக்குத் திரும்பியவர்கள் நால்ட்ரெக்ஸோன் பக்கம் 52 சதவீதம், பூப்ரினார்ஃபின் பக்கம் 56. ஆனால் நால்ட்ரெக்ஸோன் ஊசி போடும் முன் பொதுவாக ஏழு முதல் பத்து நாளாவது ஓபியாய்டு இல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தத் தடையைத் தாண்டி ஊசி வரை போனவர்கள் 72 சதவீதம்தான். பூப்ரினார்ஃபினை ஆரம்பித்தவர்கள் 94 சதவீதம். ஒதுக்கப்பட்ட எல்லோரையும் கணக்கில் கொண்டால், திரும்பியவர்கள் நால்ட்ரெக்ஸோன் பக்கம் 65 சதவீதம், பூப்ரினார்ஃபின் பக்கம் 57.

யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதில்தான் இத்தனை விளையாட்டும். "எங்கள் மையத்தில் 90 சதவீதம் வெற்றி" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி எளிது: எத்தனை பேரில்? பெரும்பாலும் அது முழுக்காலமும் தங்கி முடித்து, பிற்பாடு தொலைபேசியை எடுத்துப் பதில் சொன்னவர்களின் சதவீதமாக இருக்கும். விலகியவரும் தொலைபேசியை எடுக்காதவரும் கணக்கில் வரவே மாட்டார்கள். இன்னொரு பொறியும் உண்டு. ஒருவர் சிகிச்சைக்கு வருவது அநேகமாக வாழ்க்கை அடிமட்டத்தைத் தொட்ட நேரத்தில். அதற்குப் பிறகு எதுவும் செய்யாமல் விட்டாலும் கொஞ்சம் மேலே வரத்தான் செய்வார். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும், மூலிகையோ பிரார்த்தனையோ யோகாவோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத 'ஆய்வை' நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

குடிக்குக் கணக்கு வேறு

மதுவில் இவ்வளவு தெளிவான வெற்றிக் கதை கிடையாது. டைசல்ஃபிராம் 1940-களின் கடைசியில் டென்மார்க்கிலிருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் மது பாதி செரித்த நிலையில் அசிட்டால்டிஹைடாகத் தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். குடித்தால் கஷ்டப்படுவோம் என்ற பயம்தான் மருந்தே. 1986-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்களை வைத்து இதைச் சோதித்தபோது அழகான ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு குழுவுக்கு 250 மில்லிகிராம், அடுத்ததற்கு வெறும் 1 மில்லிகிராம், மூன்றாவதற்கு டைசல்ஃபிராமே கிடையாது. ஒரு மில்லிகிராம் உடம்பில் எதுவும் செய்யாது. பயத்தை மட்டும் கொடுக்கும். ஓராண்டு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்களின் விகிதத்தில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களே ஐந்தில் ஒருவர்தான். எதிரில் யாராவது நின்று பார்த்து விழுங்கவைக்கும் ஆய்வுகளில் நிலைமை மேம்படுகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் இதைக் கலந்து கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது சிகிச்சை அல்ல, ஆபத்து.

நால்ட்ரெக்ஸோனும் அகாம்ப்ரோசேட்டும் இதைவிட நாகரிகமானவை. முதலாவது குடியில் கிடைக்கும் சுகத்தை மட்டுப்படுத்துகிறது. 2014-இல் ஒரு தொகுப்பாய்வு போட்ட கணக்கு: 12 பேருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தப்புவார், 12 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் குடியையே தொடாமல் இருப்பார். கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். அன்றாடம் எழுதித்தரப்படும் எத்தனையோ மருந்துகளின் பலன் இதைவிடக் குறைவு. ஆனால் 2006-இல் 1,383 பேரோடு நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில் அகாம்ப்ரோசேட் ஒன்றுமே செய்யவில்லை. ஐரோப்பிய ஆய்வுகளில் வேலை செய்த அதே மருந்து. அங்கே சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே மருத்துவமனையில் இருந்து குடியை நிறுத்தியிருந்தவர்கள் என்பது ஒரு விளக்கம். மருந்து மாறவில்லை, எந்த நிலையில் உள்ளவருக்குக் கொடுத்தார்கள் என்பது மாறியது.

யாருக்கு எந்தப் பேச்சுச் சிகிச்சை பொருந்தும் என்று கண்டுபிடிக்க 1,726 பேரை வைத்து 'புராஜெக்ட் மேட்ச்' என்ற மாபெரும் முயற்சி நடந்து 1997-இல் முடிவு வந்தது. சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் முறை, ஊக்கத்தைத் தூண்டும் முறை, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் சுயவுதவி அமைப்பின் பன்னிரண்டு படி வழிக்கு அறிமுகம் செய்யும் முறை என்று மூன்று. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே பலன். பொருத்தம் பார்த்ததில் பெரிதாக எதுவும் தேறவில்லை. சிகிச்சையே தராத குழு ஒன்றை வைக்காததால் மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்தனவா, ஒரே மாதிரி வேலை செய்யவில்லையா என்பதையும் அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு செலவு செய்து எழுப்பிய கட்டடத்தில் அது பெரிய ஓட்டை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை ஆய்வாளர்கள் பலர் நெடுங்காலம் ஏளனமாகவே பார்த்தார்கள். 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் தொகுப்பாய்வு அவர்கள் வாயை அடைத்தது: முறைப்படி அந்தக் கூட்டங்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டவர்களில் ஓராண்டு கழித்துத் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35.

கோகெயின், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகளுக்கு வருவோம். இங்கே மருந்துப் பக்கம் கிட்டத்தட்ட வெறுமை. 2021-இல் நால்ட்ரெக்ஸோன் ஊசியையும், மனச்சோர்வுக்குத் தரப்படும் புப்ரோப்பியான் மாத்திரையையும் சேர்த்து மெத்தாம்ஃபெட்டமின் பழக்கமுள்ள 403 பேருக்குச் சோதித்ததில் பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், வெற்று மருந்தில் 2.5. அதையே முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டியிருக்கிறது. இங்கே வலுவான ஆதாரம் உள்ளது யாரும் எதிர்பார்க்காத ஒன்றுக்கு: பரிசு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் இதை ஆரம்பித்தார். பின்னர் நான்சி பெட்ரி மலிவான வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 500 சீட்டு. பாதியில் 'சபாஷ்' மாதிரி ஒரு பாராட்டு மட்டும். மீதியில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு டாலர் பெறுமானப் பொருள், 40 சீட்டுக்கு 20 டாலர் பெறுமானம், ஒரே ஒரு சீட்டுக்கு 100 டாலர் பெறுமானம். சிறுநீரில் போதைப்பொருள் இல்லையென்றால் ஒரு சீட்டு எடுக்கலாம். அடுத்தடுத்த முறையும் இல்லையென்றால் எடுக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை கூடும். ஒருமுறை சறுக்கினால் மறுபடி ஒன்றிலிருந்து. கோகெயினின் தடயம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அதனால் வாரம் இரண்டு மூன்று முறை பரிசோதனை.

இவ்வளவுதான் விஷயம், இது வேலை செய்கிறது. "நல்லவனாக இருக்கக் காசா?" என்று பல இடங்களில் கதவடைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் பரவலாக நடத்துகின்றன. பரிசு நின்றதும் பலன் தேய்கிறது என்பது நியாயமான குறைதான். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறது என்பதற்காக அந்த மாத்திரையை யாரும் குறை சொல்வதில்லையே.

இப்போது பேசப்படும் புதுமைகளைப் பற்றி இரண்டு வரி. மயக்கக் காளானிலிருந்து கிடைக்கும் சைலோசைபினை 2022-இல் 93 குடிநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் 9.7 சதவீதமாயின, ஒப்பீட்டுக் குழுவில் 23.6. பிரமாதம். ஆனால் தனக்குக் கிடைத்தது எது என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டார்கள். எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. உடல் எடை குறைக்கப் பயன்படும் செமாகுளூடைடு பற்றிய 2025 ஆய்வு, குடிக்கும் அளவும் ஏக்கமும் குறைந்ததாகச் சொல்கிறது. 48 பேர், 9 வாரம். பொறுத்திருந்து பார்க்கலாம்.

பயமுறுத்தியும் பலனில்லை

தடுப்புப் பக்கம் வந்தால் கதை இன்னும் விசித்திரம். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்த 'டேர்' திட்டத்தில் சீருடைப் போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கு வந்து போதையின் தீமையைச் சொன்னார்கள். பெற்றோருக்கும் பள்ளிக்கும் பிடித்தது, நாடு முழுக்கப் பரவியது. 1994-இல் வந்த தொகுப்பாய்வு, பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் அதன் தாக்கம் மிகச் சொற்பம் என்றது. பத்தாண்டு கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கேட்ட ஆய்வும் அதையே சொன்னது. 1998 முதல் அமெரிக்க அரசு ஏறக்குறைய நூறு கோடி டாலர் செலவில் இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களை ஓட்டியது. மதிப்பீட்டில் பலன் தெரியவில்லை. சில கட்டங்களில் அதிகம் பார்த்தவர்களிடம் கஞ்சா பற்றிய ஈர்ப்பு கூடியிருந்ததுதான் தெரிந்தது. 'எடுக்காதே, எடுக்காதே' என்று ஓயாமல் சொன்னால், எல்லோரும் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

பலன் தந்தவற்றில் ஒன்று போதை என்ற பேச்சையே எடுக்காத ஒரு வகுப்பறை விளையாட்டு. 1969-இல் உருவான இந்த 'நன்னடத்தை விளையாட்டை' 1985-86-இல் பால்டிமோரில் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். வகுப்பைக் கலந்து அணிகளாகப் பிரிக்க வேண்டும். விளையாட்டு நடக்கும் பத்து நிமிடத்தில் இடத்தைவிட்டு எழுந்தால், குறுக்கே கத்தினால் அணிக்கு ஒரு புள்ளி விழும். நான்குக்கு மேல் விழாத அணிகள் எல்லாமே வெற்றி பெற்றவை. ஒரு அணி ஜெயிக்க இன்னொன்று தோற்க வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் ஆசிரியர் அறிவிக்காமலேயே ஆரம்பித்துவிடுவார், பரிசும் தள்ளித் தள்ளிப் போகும். இந்தக் குழந்தைகளை 19 முதல் 21 வயதில் மறுபடி பார்த்தபோது, முக்கியமாக முதல் வகுப்பில் அடங்காமல் திரிந்த பையன்களிடம், போதைப் பிரச்சினை ஒப்பீட்டு வகுப்புகளைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆறு வயதில் கொஞ்ச நேரம் தன்னை அடக்கிக்கொள்ளவும், கூட்டாளிகளால் ஒதுக்கப்படாமல் இருக்கவும் கற்றுக்கொண்டதன் பலன் அது.

இன்னொன்று ஐஸ்லாந்து. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். அங்கே செய்தது, பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டியது, இரவில் வெளியே சுற்றக் கட்டுப்பாடு, விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணம். முழு நாட்டையும் குலுக்கல் போட்டுப் பிரிக்க முடியாது. அதே காலத்தில் வேறு பல நாடுகளிலும் இளைஞர் குடி குறைந்தது. ஆகவே இத்தனையும் திட்டத்தால்தான் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அவர்கள் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்து, அந்தந்தப் பகுதியின் முடிவைச் சில வாரங்களிலேயே அங்குள்ள பள்ளிக்கும் பெற்றோருக்கும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். போன முறை செய்தது பலித்ததா என்று அடுத்த கணக்கெடுப்பில் அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.